சார்ஜாவில் ஒரு ராத்தங்கல்

சார்ஜாவிலிருந்து சென்னைக்கு இன்று நாலு மணி நேரப் பயணம். தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். இந்த வழி பிறந்த காலத்தில் பயண நேரத்தைத் தீர்மானித்தவை இரண்டு: பெட்ரோல் டேங்கும் சூரிய அஸ்தமனமும்.

இம்பீரியல் ஏர்வேஸ் 1929-இல் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியபோது போய்ச்சேர ஏழு நாள் ஆனது. நடுவில் பாசலிலிருந்து ஜெனோவா வரை ரயில் வேறு. வளைகுடாவில் பாரசீகக் கரையோரமாகத்தான் பறந்தார்கள். அதற்கான அனுமதியை நீட்டிக்கப் பாரசீக அரசு மறுத்துவிட, பிரிட்டிஷார் எதிர்க்கரையில் இடம் தேடினார்கள். ஷேக்குகள் எளிதில் மசியவில்லை. விமானம் வந்தால் பின்னாலேயே வெள்ளைக்காரன் அதிகாரமும் வரும் என்ற பயம், நியாயமான பயம்தான். கடைசியில் சார்ஜாவின் ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி 1932 ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து, முத்துக்குளிப்பை நம்பியிருந்த அந்தக் கரையை நொடித்துப்போட்டிருந்த நேரம். தளத்துக்கு மாத வாடகை 800 ரூபாய், ஷேக்குக்குத் தனியாக 500. ஆமாம், ரூபாய்தான். அங்கே அன்று புழங்கியது இந்தியப் பணம்.

அந்த வழியில் பறந்த ஹெச்.பி.42 நாலு இன்ஜின் பூட்டிய இரட்டை இறக்கை விமானம். மணிக்கு 160 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் சில புண்ணியவான்கள் கார் ஓட்டுகிற வேகம். ஒரே மூச்சில் 800 கிலோமீட்டர் போகும். பஹ்ரைனிலிருந்து சார்ஜா சுமார் 500, அங்கிருந்து குவாதர் சுமார் 700. கணக்கு சரியாக வந்தது. 1932 அக்டோபர் 5 அன்று 'ஹான்னோ' என்ற விமானம் சார்ஜா மணலில் இறங்கியது.

பயணிகள் இரவு தங்க அங்கே ஒரு கோட்டையே கட்டினார்கள். உள்ளே சாப்பாட்டுக் கூடமும் கட்டில்களும். வெளியே முள்கம்பி, துப்பாக்கியோடு ஷேக்கின் காவலாளிகள். அது இப்போது அல் மஹத்தா அருங்காட்சியகம். 1977-இல் விமான நிலையம் மூடப்பட்டதும், ஊருக்குள் அகப்பட்டுக்கொண்ட ஓடுபாதை மன்னர் அப்துல் அஜீஸ் தெருவாகிவிட்டது.

ஹான்னோ இறங்கிய பத்தாம் நாள், அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த அஞ்சல் பைகளை ஒரு புஸ் மாத் விமானத்தில் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் அதற்கான பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பம்பாயிலிருந்து விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்கு ஓட்டிவந்தார். டாடாவின் அந்தப் பயணத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சார்ஜாவையும் அதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் கடிதத்துக்குத்தான் இந்த வசதி. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் ஆட்களில் பலர் 1970களிலும் பம்பாயில் 'துவாரகா' கப்பலில்தான் ஏறினார்கள். அது 1982 வரை ஓடியது.