கண்ணாடித் துடைப்பானும் இரட்டைச் சிம்மும்

தூறலில் கார் ஓட்டும்போது முன்கண்ணாடித் துடைப்பான் ஒரு தடவை துடைத்துவிட்டு, சற்று நின்று, மறுபடி துடைக்கிறதே, அந்த நிறுத்தத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் கியர்ன்ஸ். ஒரே போனில் இரண்டு சிம் போடும் வசதிக்கும் ஒருவர் உரிமை கோரினார். மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார். இருவரும் தனி ஆட்கள், இருவரும் பெரிய நிறுவனங்களோடு மோதியவர்கள். ஒருவர் கடைசியில் பணம் வாங்கினார். மற்றவர் கையிலிருந்த காப்புரிமையையே இழந்தார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே, வேப்பூர் வீட்டில் புதிதாக ஒன்றைச் செய்து வைத்திருப்பவர் எந்த நிறுவனத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பும் இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

கியர்ன்ஸ் 1963இல் தன் ஃபோர்டு காரிலேயே கருவியைப் பொருத்தி, ஃபோர்டு பொறியாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், பரிசோதனைகள் செய்யச் சொன்னார்கள். பிறகு தொடர்பு அறுந்தது. 1969இல் ஃபோர்டு கார்களில் விட்டு விட்டுத் துடைக்கும் துடைப்பான் வந்தது. கியர்ன்ஸுக்கு 1967லேயே காப்புரிமை கிடைத்திருந்தது. இருந்தும் அவர் ஃபோர்டு மீது வழக்குப் போட்டது 1978இல்தான். 1990இல் ஜூரி, மீறல் நடந்தது, ஆனால் வேண்டுமென்று செய்ததல்ல என்றது. ஃபோர்டு ஒரு கோடி டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து முடித்துக்கொண்டது. கிரைஸ்லர் மீதான வழக்கில் வட்டியோடு ஏறக்குறைய மூன்று கோடி டாலர். மற்ற நிறுவனங்கள் மீது போட்ட வழக்குகள் கெடு தவறியதால் தள்ளுபடியாயின. தொகையைக் கேட்டு மலைப்பதற்கு முன் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். பணம் வந்தபோது அவரது முதல் காப்புரிமை காலாவதியாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஆசைப்பட்டதோ நஷ்ட ஈடு அல்ல, தன் சொந்த ஆலையில் துடைப்பான் செய்ய வேண்டும் என்பது. அது கடைசிவரை நடக்கவில்லை.

ராம்குமாரின் பாதை நேர் எதிர். அவர் 2002லேயே விண்ணப்பித்துவிட்டார். 2008இல் காப்புரிமை கைக்கு வந்தது. அதைக் காட்டி, இரட்டைச் சிம் போன்கள் வெளிநாட்டிலிருந்து இறங்குவதைச் சுங்கத் துறை மூலம் 2009இல் தடுக்கவும் முயன்றார். சாம்சங், மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் போன்ற நிறுவனங்கள் எதிர்த்தன. 2012இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது. அவருக்கு முந்தியே வெளியாகியிருந்த ஆவணங்கள் எதிரே வைக்கப்பட்டபோது அவரது கோரிக்கை நிற்கவில்லை.

இங்கேதான் ஒப்பீடு சுவையாகிறது. ஃபோர்டும் அதே வாதத்தைத்தான் வைத்தது: டிரான்சிஸ்டர், கண்டன்சர், மின்தடை எல்லாம் ஏற்கெனவே கடையில் கிடைப்பவை, இதில் புதிது என்ன? பழைய பாகங்களைப் புதிய விதத்தில் சேர்த்ததே கண்டுபிடிப்பு என்று கியர்ன்ஸ் சொன்னார், ஜூரி ஏற்றது. ராம்குமாருக்கு அந்த வாதம் கைகொடுக்கவில்லை. தன் எண்ணத்தைக் கேட்பவன் திருடிவிடுவான் என்ற பயம் எல்லாக் கண்டுபிடிப்பாளருக்கும் உண்டு, கியர்ன்ஸ் கதை அதற்குத் தீனி போடுகிறது. ஆனால் முகம் தெரியாத யாரோ, எங்கோ, நமக்கு முன்பே எழுதி வைத்த ஆவணம் அதைவிடப் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம். திருடனை எதிர்த்து வழக்காடலாம். முந்தியவரை எதிர்த்து என்ன செய்ய? நம் சட்டமும் இதை ஒளிக்கவில்லை. காப்புரிமை வழங்கியதாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆகவே நிறுவனத்துக்குப் போகுமுன் முதல் வேலை தேடல். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் இலவசம். சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையமும் இருக்கிறது. இரண்டாவது வேலை தற்காலிக விண்ணப்பம். தனிநபர் இணையவழியில் 1,600 ரூபாய் கட்டினால் அன்றைய தேதி அவருக்கு உறுதியாகிவிடும். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தரலாம். நிறுவனங்களிடம் பேசிப் பார்க்க அந்தப் பன்னிரண்டு மாதம்தான் அவகாசம். அதற்குள் முழு விவரம் தரவில்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியே சொல்லிவிட்டாலும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகை உண்டு. அதை நம்பி இங்கே நடக்கக் கூடாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி போன்ற சில நிலைமைகளுக்கு மட்டுமே இங்கே விலக்கு. ஊர்ப் பொருட்காட்சியில் கடை போட்டுக் காட்டுவது அதில் சேராது. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்களிடம் பெருமையாக இயக்கிக் காட்டுவதும் சேராது.

இன்னொன்று. விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும். சூளைக்கு முன் நின்று வேலை செய்பவர் தன் கையாலேயே செய்ததைத் தன் மொழியில் எழுதிப் பதிய வழியில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. வேறொருவர் எழுதும்போது எது புதுசு என்ற இடத்திலேயே பிசகிவிடலாம். அதனால் எழுதியவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ரகசியம் காப்பதும் ஒரு வழிதான், ஆனால் எல்லாப் பொருளுக்கும் அல்ல. குறைந்த சூட்டிலேயே உருகிப் படியும் ஒரு கிளேஸ் பூச்சுக் கலவை என்று வைத்துக்கொள்வோம். வெந்து வந்த பாத்திரத்தைப் பார்த்து அந்தக் கலவையையும் சூளையில் சூடு ஏற்றிய முறையையும் முழுசாகச் சொல்லிவிட முடியாது. இதைப் பூட்டி வைக்கலாம். ஜெர்மனியின் மைசன் ஆலை 1710 முதல் பீங்கான் செய்முறையைக் கோட்டைக்குள் வைத்துக் காத்தது. ஆனாலும் பத்தே ஆண்டுக்குள், அங்கிருந்து வெளியேறிய ஆள் வழியாக அது வியன்னாவை எட்டிவிட்டது. பூட்டு சரியாக இருந்தும் சாவி வைத்திருந்த மனிதர் போய்விட்டார். எண்ணெய் வழியாத புது அகல்விளக்கு என்றால் கதை வேறு. கையில் எடுத்துப் பார்த்த நிமிடமே நுட்பம் புரிந்துவிடும். அதற்கு ரகசியம் உதவாது, பதிவு மட்டுமே உதவும்.

நிறுவனத்தோடு ரகசிய ஒப்பந்தம் போடலாமே என்பார்கள். நம்மிடம் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டமும் நம்பிக்கை மீறல் பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் துணை. பெரிய நிறுவனங்கள் பல, வெளி ஆள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. மாறாக, நீங்கள் சொல்வது எதுவும் ரகசியமல்ல என்று எழுதிய தங்கள் தாளை நீட்டும். விண்ணப்பத் தேதி கையில் இருப்பவர் அதைக் கொஞ்சம் தைரியமாக வாங்கிப் படிக்கலாம். அப்போதும் விண்ணப்பத்தில் எழுதியதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது.

பொம்மை செய்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. வடிவமைப்பாகப் பதியத்தக்க ஓர் உருவத்தைப் பதியாமலேயே தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் எடுத்துவிட்டால், அதன் பதிப்புரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழ் ஊற்றுபவருக்கு 50 என்பது பெரிய எண்ணே அல்ல. வடிவமைப்பாகப் பதிந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு காப்பு. ஆனால் பதிவுக்கு முன்பே கொலு சீசன் மாதிரியை ரகசிய உறுதி எதுவுமில்லாமல் வியாபாரியிடம் காட்டியிருந்தால், அது ஏற்கெனவே வெளியானது என்று சொல்லி அந்த வியாபாரியே பதிவை ரத்து செய்யக் கேட்கலாம். வடிவமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.