மாதிரி ஜெட் எஞ்சின்: வீட்டுப் பட்டறைக் கட்டுமானம்

மாதிரி ஜெட் எஞ்சின் என்பது, வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானங்களை உந்துவதற்காக, பெரிய ஜெட் விமானங்களின் எஞ்சின் இயங்கும் அதே முறையில், இரு கைகளுக்குள் அடங்கும் அளவில் செய்யப்படும் வளிமச் சுழலி ஆகும். காற்றை உள்ளிழுத்து அழுத்தும் அமுக்கி, அக்காற்றில் எரிபொருளை எரிக்கும் எரியறை, எரிந்த வளிமம் மோதுவதால் சுழன்று அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கியை ஓட்டும் சுழலிச் சக்கரம், எஞ்சிய வளிமத்தைப் பின்னோக்கிப் பாய்ச்சி உந்துவிசை தரும் உமிழ்வாய் ஆகிய நான்கும் இதன் இன்றியமையா உறுப்புகள். லேத், துளையிடும் எந்திரம், பற்றவைப்புக் கருவி ஆகியவை உள்ள ஒரு வீட்டுப் பட்டறையில் தனிமனிதர் ஒருவரே இதைச் செய்து முடிக்க இயலும் என்பது 1990களின் முற்பகுதியில்தான் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

வகைகள்

மாதிரி விமானக் கலையில் ஜெட் என்ற பெயரால் நான்கு வேறுபட்ட பொருள்கள் வழங்குகின்றன. முதலாவது துடிப்பு ஜெட்; முன்புறத்தில் மெல்லிய எஃகு இதழ்களாலான தடுக்கிதழும் பின்னால் நீண்ட குழாயும் கொண்டு, விட்டுவிட்டு வெடித்து எரிவதால் உந்துவது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டு இவ்வகையால் இயங்கியது. அமெரிக்காவில் 1940களில் விற்பனைக்கு வந்த டைனாஜெட் இதன் சிறு வடிவம். சுழலும் உறுப்பு எதுவும் இதில் இல்லாமையால் இது வளிமச் சுழலி ஆகாது. இரண்டாவது, மின்மோட்டாரோ பிஸ்டன் எஞ்சினோ குழாய்க்குள் விசிறியைச் சுழற்றும் அமைப்பு; தோற்றத்தில் மட்டுமே ஜெட். மூன்றாவது, லாரி அல்லது கார் எஞ்சினின் டர்போசார்ஜரை வாங்கி, அதன் இரு வாய்களுக்கும் இடையே ஓர் எரியறையைப் பொருத்திச் செய்வது. தொடக்கநிலையாளர் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். தத்துவம் முழுமையாக விளங்கும் எனினும், டர்போசார்ஜரின் வார்ப்பிரும்புக் கூட்டின் எடையால் இது தரையிலேயே நின்றுவிடும். நான்காவதாகிய, பறப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட தண்டுவழி ஓட்டச் சுழலி எஞ்சினே மாதிரி ஜெட் எஞ்சின் எனும் பெயருக்கு முறையாக உரியது.

வரலாறு

வளிமச் சுழலியின் முதல் இடர்ப்பாடு, அமுக்கி விழுங்கும் ஆற்றலைவிடச் சுழலி தரும் ஆற்றல் மிகுதியாக இருக்கவேண்டும் என்பதே. நார்வே நாட்டு ஏகிடியஸ் எல்லிங் 1903இல் இத்தடையைக் கடந்து, 11 குதிரைத்திறன் மிச்சம் தரும் எந்திரத்தை ஓட்டிக்காட்டினார். விமானத்துக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணத்தை இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டில் 1930இல் காப்புரிமையாகப் பதிந்தார். அவரது எஞ்சின் 1937 ஏப்ரலில் இயங்கியது. விட்டிலை அறியாமலே ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் அதே வழியில் சென்று, 1939 ஆகஸ்ட் 27 அன்று ஹைன்கல் எச்.இ.-178 விமானத்தைத் தம் எஞ்சினால் பறக்கச் செய்தார்.

பட்டறைக் கட்டுமானத்தின் வரலாறு உண்மையில் தொடங்குவது ஓஹைனின் இளமைக்காலத்தில்தான். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அவர் தம் முதற்கருத்துக்கு உருவம் கொடுக்க எந்த ஆய்வுக்கூடத்தையும் நாடவில்லை. தம் காரைப் பழுதுபார்த்த மாக்ஸ் ஹான் என்னும் மெக்கானிக்கிடம் சென்று, தம் சொந்தப் பணத்தில் ஒரு மாதிரியைச் செய்வித்தார். தகடுகளை வெட்டியும் பற்றவைத்தும் ஹான் செய்த அந்த எந்திரம் தானாக ஓடவில்லை. எரியறைக்குள் எரிந்து முடியவேண்டிய தீ சுழலியைத் தாண்டி வெளியே நீண்டது. எனினும், அதைச் சுற்றிய மோட்டாரின் சுமை குறைந்தது தெளிவாகத் தெரிந்ததால் ஓஹைனின் ஆசிரியரான போல் என்பவர் நம்பிக்கை கொண்டு, விமானத் தயாரிப்பாளர் ஹைன்கலுக்கு அவரைப் பரிந்துரைத்தார். பின்னாளில் வீடுகளில் செய்யப்பட்ட எஞ்சின்கள் பலவும் தம் முதல் ஓட்டத்தில் இதே குறையைக் காட்டின என்பது குறிப்பிடத்தக்கது.

இதன்பின் பெரிய எஞ்சின்கள் விரைந்து வளர, சிறியவை நாற்பதாண்டுகளுக்கு மேல் பின்தங்கின. காரணம் இயற்பியலிலேயே உள்ளது. அளவு சுருங்கும்போது, அதே அழுத்தத்தைப் பெறச் சக்கரத்தின் விளிம்பு அதே வேகத்தில் செல்ல வேண்டியிருப்பதால் சுற்றுகளின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்கிறது. சக்கர இலைகளின் நுனிக்கும் கூட்டுக்கும் இடையிலான இடைவெளியை அதே விகிதத்தில் குறைக்க முடியாமையால் காற்று கசிகிறது. எரிபொருள் எரிந்து முடியத் தேவைப்படும் நேரமோ எரியறை சிறுத்தாலும் குறைவதில்லை. இங்கிலாந்தில் ஜெரி ஜாக்மனின் குழுவினர் 1983இல் புரோப்பேன் வளிமத்தால் ஓடும் எஞ்சினைக் கொண்டு ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். பிரான்சின் ஜே.பி.எக்ஸ். நிறுவனமும் புரோப்பேனால் இயங்கும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் இவற்றைப் பார்த்துப் பிறர் தம் வீட்டில் செய்துகொள்ள வழியில்லாமையால், இவை முன்னோடிகள் என்ற அளவிலேயே நிற்கின்றன.

அவ்வழியைத் திறந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங். எஃப்.டி.-3/64 என்ற அவரது எஞ்சினின் அமுக்கிச் சக்கரம் ஒட்டுப்பலகையால் ஆனது. சுழற்சியில் சிதறாதிருக்க அதன்மேல் கார்பன் இழை சுற்றப்பட்டது. சுழலிச் சக்கரம் தட்டையான எஃகுத் தகட்டு வட்டை வெட்டி, இலைகளைக் கருவியால் முறுக்கி, அரத்தால் உருவம் தேய்த்துச் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 75,000 சுற்று, 30 நியூட்டனை ஒட்டிய உந்துவிசை என்பது இன்று மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் திறனை விட்டுக்கொடுத்து, எளிய கருவிகளால் செய்துவிடக்கூடிய தன்மையை அவர் தேர்ந்துகொண்டதே இத்துறையின் திருப்புமுனை. அவர் தம் வரைபடங்களை நூலாக வெளியிட்டதும், மண்ணெண்ணெய் போன்ற நீர்ம எரிபொருளையே பயன்படுத்தியதும் இதே நோக்கத்தின் தொடர்ச்சி எனலாம்.

அடுத்து, ஜெர்மனியின் தாமஸ் காம்ப்ஸ் மரச்சக்கரத்தைக் கைவிட்டு, கடையில் கிடைக்கும் டர்போசார்ஜரின் அலுமினிய அமுக்கிச் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஷ்ரெக்லிங்கும் ஸ்பெயினின் ஹெசூஸ் ஆர்தேஸும் வழியமைத்த, 66 மி.மீ. சக்கரம் கொண்ட கே.ஜே.-66 உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்பட்ட வடிவமாயிற்று. இங்கிலாந்தில் தோன்றிய எம்.டபிள்யூ.-54 அதனினும் சிறியது.

செய்முறை

கே.ஜே.-66இன் அமுக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,17,000 சுற்றுகளில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 400 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. இது ஒலியின் வேகத்தை மிஞ்சியது. ஆகவே கட்டுமானத்தின் அரிய பகுதி வடிவமைப்பு அன்று, சமநிலைப்படுத்தலே. தண்டையும் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றி, எப்பக்கம் எடை மிகுந்துள்ளதோ அப்பக்கத்தில் உலோகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து நீக்குவர். இதில் பொறுமை இழந்தவர்களின் எஞ்சின்களில் தாங்கிகள் சில நிமிடங்களிலேயே கெடும். தாங்கிகள் 8 மி.மீ. உள்விட்டமுடையவை; எஃகு வளையங்களுக்கிடையே பீங்கான் குண்டுகள் கொண்டவையே இவ்வேகத்துக்கு ஏற்றவை. எரிபொருளில் சுமார் 5 விழுக்காடு சுழலி எண்ணெயைக் கலந்து, அதில் ஒரு சிறு பங்கைத் தாங்கிகளுக்கு அனுப்பி மசகிடுவது வழக்கம்.

எரியறை மெல்லிய எவர்சில்வர் தகட்டால் ஆன வளைய வடிவ உறை. அதன் சுவர்களில் கணக்கிட்டுத் துளைத்த ஓட்டைகளில் முன்வரிசை எரிதலுக்கும், பின்வரிசை வெப்பத்தைத் தணிப்பதற்கும் காற்றை விடுகின்றன. உள்ளே நிற்கும் சிறு குழாய்களின் வழியே செல்லும் எரிபொருள் அங்கேயே சூடேறி ஆவியாகி எரிகிறது. வெளிக்கூட்டுக்கு, முகாம் அடுப்புகளுக்கான எரிவாயுக் குப்பியின் மேலோட்டை வெட்டிப் பயன்படுத்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. சுழலிச் சக்கரத்தைப் பெரும்பாலோர் இப்போது தாமே செய்வதில்லை. இன்கோனெல் எனப்படும் நிக்கல் கலப்புலோகத்தில் மெழுகு வார்ப்பு முறையில் வார்த்ததை வாங்கிப் பொருத்துகின்றனர்.

தொடங்கும்போது வெளிவிசையால் தண்டைச் சுற்றி, முதலில் புரோப்பேனைப் பற்றவைத்து, குழாய்கள் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். சுற்று போதாதிருக்கும்போது எரிபொருளை மிகுத்துவிட்டால் தீ பின்வழியே நீண்டு சுழலி இலைகள் கருகும். ஓடும் எஞ்சினில் சக்கரங்கள் சுழலும் தளத்துக்கு நேராக எவரும் நிற்கலாகாது. சக்கரம் சிதறினால் துண்டுகள் அத்திசையிலேயே பாயும். கரியமிலவாயுத் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

இன்றைய நிலை

ஜெர்மனியின் ஜெட்கேட், நெதர்லாந்தின் ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள், மின்னணுக் கட்டுப்பாட்டால் தாமே தொடங்கி ஓடும் எஞ்சின்களை விற்கின்றன. விமானி ஈவ் ரோஸி 2008இல் இறக்கை அணிந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது ஜெட்கேட் எஞ்சின்கள் நான்கின் விசையால்தான். இவ்வாறு ஆயத்த எஞ்சின்கள் கடையில் கிடைப்பதால் வீட்டில் செய்வோர் தொகை குறைந்துவிட்டது. செய்பவர்கள் பெரும்பாலும் கே.ஜே.-66இன் வரைபடத்தையே இன்றும் பின்பற்றுகின்றனர்.