முதலில் எது, பிறகு எது?



உறுப்பு தானம் பற்றிப் பேச்சு வந்தபோது பழைய மாணவி ஒருவர், "சார், கருணைக்கொலைக்கு அனுமதி பெற்றவர் உறுப்புகளைத் தானம் செய்யலாமா?" என்று கேட்டார். இதற்கு ஒரு வரலாறு உண்டு.

பெல்ஜியத்தில் 2002இல் கருணைக்கொலைச் சட்டம் வந்தது. தீராத நோயால் தாங்க முடியாத துன்பத்தில் இருப்பவர், தெளிந்த மனத்தோடு தாமே கேட்டால் மருத்துவர் உதவலாம். 2005இல், பக்கவாதத்தால் உடல் முழுதும் செயலிழந்த ஒரு பெண்மணி அந்த அனுமதியைப் பெற்றார். அவருடைய அறிவு மட்டும் விழித்திருந்தது. இறப்பதற்கு முந்தைய நாள், தம் உறுப்புகளைப் பிறருக்குத் தர விரும்புவதாகச் சொன்னார். அதற்கு முன்மாதிரி இல்லை. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது. கணவர் அருகிலிருக்க உயிர் பிரிந்தது. மூன்று மருத்துவர்கள் மரணத்தை உறுதி செய்த பிறகே அறுவை சிகிச்சை நடந்தது. கல்லீரலும் இரு சிறுநீரகங்களும் பிறருக்குப் பொருத்தப்பட்டன. மருத்துவர்கள் இதை 2008இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னர் நெதர்லாந்திலும் கனடாவிலும் இத்தகைய தானங்கள் நடந்தன.

நடைமுறைச் சிக்கல்கள் பல. வீட்டில் கண்மூட நினைப்பவர் மருத்துவமனைக்கு வரவேண்டும். இரத்த ஓட்டம் நின்றால் உறுப்புகள் விரைவில் கெடும். ஆகவே சில நிமிடங்களே காத்திருந்து உடலை எடுத்துச் செல்வார்கள். குடும்பத்தார் அழக்கூட நேரம் குறைவு. புற்றுநோயாளிகள் பெரும்பாலும் தானம் செய்ய இயலாது. அதனால் நரம்பு நோயாளிகளே இதில் அதிகம்.

அறச் சிக்கல் இதைவிடப் பெரிது. 'நாலு பேருக்காவது பயன்படுவோம்' என்ற எண்ணமே ஒருவரைச் சாவை நோக்கித் தள்ளிவிடுமோ? அதனால்தான் இரண்டு முடிவுகளையும் தனித்தனியே வைக்கிறார்கள். இறப்பு பற்றிய முடிவு முதலில், தானம் பற்றிய பேச்சு பிறகு. உறுப்பு மாற்று மருத்துவர்களுக்கு முதல் முடிவில் பங்கில்லை. நோயாளி கடைசி நொடியிலும் மனம் மாறலாம்.

நம் நாட்டில் கருணை ஊசிக்கு அனுமதி இல்லை. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டுமே சில நிபந்தனைகளோடு ஏற்றது.

அந்தப் பெண்மணியின் தானத்தை நான் வணங்குகிறேன். சாவதென்று முடிவெடுத்த பின் அவர் கொடுத்தார், கொடுப்பதற்காகச் சாகவில்லை. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள்: "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது." அந்தச் சொல் இருக்கும் வீட்டில் இந்த வரிசை மாறிவிடுமோ என்று அஞ்சுகிறேன். பிள்ளைகளே, அப்படி யாராவது சொன்னால், முதலில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்