ஐந்தாம் படிக்குப் பிறகு

மென்பொருள் எழுதும் முறைக்கும் முதிர்ச்சிப் படிகள் உண்டு என்று வகுத்துக் காட்டியவர் வாட்ஸ் ஹம்ப்ரி. ஐபிஎம் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிலையத்திற்கு வந்து இக்கருத்தை வளர்த்தார். 1989இல் நூலாகவும் வெளியிட்டார். படிகள் ஐந்து. முதற்படியில் எல்லாம் தனிமனிதத் திறமையை நம்பியே நடக்கும். ஐந்தாம் படியிலோ குழு தன் குறைகளைத் தானே அளந்து, தன் செயல்முறையை இடையறாது திருத்திக்கொள்ளும். ஆக, உச்சிப்படிக்குச் சென்றவர்க்கும் ஓய்வில்லை.

அந்நிலையத்தை 1984இல் நிறுவியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதி. ஆனால் அதன் அளவுகோலைப் பெரிதும் கொண்டாடிய நகரம் பெங்களூர். 1990களின் முற்பகுதியில், மோட்டோரோலாவின் பெங்களூர்ப் பிரிவு ஐந்தாம் படியை எட்டியபோது, உலகில் அதனை எட்டியிருந்த குழுக்கள் மிகச் சிலவே. விண்வெளி ஓடத்திற்கு மென்பொருள் எழுதிய ஹூஸ்டன் குழு அவற்றுள் ஒன்று. அப்பத்தாண்டின் இறுதியில் விப்ரோவும் இன்ஃபோசிசும் அப்படியேறின.

இதற்கு வணிகக் காரணம் உண்டு. கடல் கடந்த வாடிக்கையாளர், தாம் நேரில் காணாத பொறியாளரை நம்ப வேண்டியிருந்தது. சான்றிதழ் அந்நம்பிக்கைக்குப் பிணையாயிற்று. பிணையாக வைத்ததைத் தொட்டு மாற்ற எவரும் தயங்குவர். தணிக்கையாளர் கேட்பார் என்பதற்காகவே படிவங்கள் நிரப்பப்பட்டால், திருத்தத்தைக் கோரும் ஐந்தாம் படியே திருத்தத்திற்குத் தடையாகிவிடும்.

2001இல் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர்கள், செயல்முறையைக் காட்டிலும் மனிதரையும் அவர்தம் உரையாடலையும் முதன்மையாகக் கொள்ளும் அறிக்கையை வெளியிட்டனர். பெங்களூரில் மாற்றம் வேறொரு வழியில் வந்தது. 2004 அளவில் விப்ரோ, டொயோட்டாவின் உற்பத்தி முறையிலிருந்து பாடம் கற்கத் தொடங்கியது. பிராட்லி ஸ்டாட்ஸ், டேவிட் அப்டன் ஆகிய ஆய்வாளர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நிறுவனம் முழுமைக்கும் ஒரே நாளில் ஆணை பிறக்கவில்லை. சில திட்டக்குழுக்கள் முதலில் முயன்று பார்த்தன. பயன் தந்தவை பிற குழுக்களுக்குப் பரவின. கார் ஆலையின் முறையை எழுத்துக்கு எழுத்து பெயர்க்காமல், வீண்வேலை எங்கே நேர்கிறது என்பதை வேலை செய்வோரே கண்டறிய இடமளிக்கப்பட்டது.

மொழியிலும் வழக்கு முந்தும், இலக்கணம் பிந்தும். வழக்கைக் கவனியாத இலக்கணம் ஏட்டில் மட்டுமே வாழும். ஐந்தாம் படியின் இலக்கணத்தில் ஹம்ப்ரி இதற்கு முன்னரே இடம் வைத்திருந்தார். படிவத்தை நிரப்புபவருக்கே அதனைத் திருத்தும் உரிமையும் இருக்கும் குழுவில்தான் அவ்விடம் பயன்படும்.