பீர் உணவகம்: வாய்ப்பும் இடரும்

உணவகத்திலேயே பீர் தயாரித்து அங்கேயே பரிமாறும் ‘மைக்ரோபுரூவரி’ தொழில், பெங்களூரு, புணே, குருகிராம் நகரங்களில் கடந்த 15 ஆண்டுகளில் வேகமாக வளர்ந்துள்ளது. புட்டியில் அடைக்கும் செலவு இல்லை. பீருடன் உணவும் விற்பதால் வருவாய் இரு வழிகளில் வருகிறது.

ஆனால், இந்தப் பலமே பலவீனமும் ஆகிறது. பதப்படுத்தாத பீர் நெடுநாள் தாங்காது. வாடிக்கையாளர் குறைந்தால் வெளியூருக்கு அனுப்பி விற்கவும் வழியில்லை. விரிவாக்கம் என்றால் புதிய இடம், புதிய உரிமம், புதிய முதலீடு. மது ஜிஎஸ்டி வரம்புக்கு வெளியே இருப்பதால், அதற்கான இடுபொருள்களுக்குச் செலுத்திய வரியையும் ஈடுசெய்துகொள்ள முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய இடர், கொள்கை மாற்றம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது குருகிராமில் பல மதுக்கூடங்கள் முடங்கின. நகராட்சிப் பகுதிகளுக்கு உத்தரவு பொருந்தாது என்ற விளக்கம் ஜூலையில்தான் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களின் வாடகையும் ஊதியமும் உரிமையாளர் தலையில் விழுந்தன.

தமிழ்நாட்டில் இத்தொழில் வேரூன்றவில்லை. இங்கே மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் உள்ளது. பனை வளம் மிக்க தூத்துக்குடி மாவட்டத்திலும் கள்ளுக்கு 1987 முதல் தடை. நாளை அரசு அனுமதித்தாலும், மதுரை - கன்னியாகுமரி நெடுஞ்சாலையை ஒட்டிய கயத்தாறு போன்ற ஊரில் முதலீடு செய்பவர், பீரின் சுவைக்கு முன்பாக உரிமத்தின் ஆயுளைக் கணக்கிடுவதே விவேகம்.