சொல், பொருள், வாய்மொழி: சிங்கப்பூரில் பால்புதுமையர் வரலாற்றைத் தேடும் வழிகள்

ஒரு மக்கட்பிரிவின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் கேட்கும் வினா, சான்று எங்கே என்பதாகும். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு; வணிகர்க்குக் கணக்கேடு உண்டு; கோயிற்குச் செப்பேடு உண்டு. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தோரும், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்தோரும், தம் பாலினரையே விரும்பி வாழ்ந்தோரும் தாமே எழுதிவைத்த ஏடுகள் மிகச் சில. அவர்களைப் பற்றிக் காவலர் எழுதிய குறிப்பும், மருத்துவர் எழுதிய குறிப்பும், வழிப்போக்கர் எடுத்த நிழற்படமுமே பெரும்பாலும் எஞ்சி நிற்கின்றன. பிறர் எழுதியவற்றின் ஊடே அவர்தம் குரலைக் கேட்பது எங்ஙனம்? சொல், பொருள், வாய்மொழி என்னும் மூவகைச் சான்றுகளைக் கொண்டு இவ்வினாவை இவ்வுரையில் ஆராய்வோம். இம்மக்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்க, அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்துள்ள 'பால்புதுமையர்' என்னும் சொல்லைக் கொள்வோம்.

1. இலக்கணம் காட்டும் மனிதர்

தமிழ் பயில்வார்க்கு மிக அருகில் உள்ள சான்று இலக்கணமே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், திணையையும் பாலையும் வகுத்த உடனேயே, ஆண்மை நிலையினின்று மாறியோரைக் குறிக்கும் பெயர்களை எடுத்துக்கொள்கிறது. அப்பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணையின் ஈறுகளையே ஏற்கும் என்றும் அது விதிக்கிறது. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களையும் அதே நூற்பாவில் அதே விதிக்குள் வைக்கிறது. அத்தகையோர் பெயர் ஆண்பால் ஈற்றோடு முடிதல் பொருந்தாது என்பதைப் பிறிதொரு நூற்பா தெளிவுபடுத்துகிறது.

பல நூற்றாண்டுகட்குப் பின் எழுந்த நன்னூல் இன்னும் நுணுகிச் செல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அது சேர்க்கிறது. பிறந்த உடம்பை விடுத்து, ஒருவர் எதை அவாவுகிறார் என்பதை வைத்துப் பாலை வகுக்கும் விதி இது. ஆயினும் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு வகையினரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று பவணந்தி முனிவர் சேர்த்துள்ளார். தொல்காப்பியர் உயர்திணைக்குள் நிறுத்திய மக்கள், நன்னூலின் காலத்தில் உயர்திணையின் விளிம்பிற்கு நகர்ந்துவிட்டனர். இலக்கணம் வழக்கைப் பதிவு செய்வது. ஆதலின் இந்த நகர்வைச் சமூக வழக்கில் நேர்ந்த ஒரு மாற்றத்தின் தடயமாகவும் நாம் படிக்கலாம்.

இலக்கியமும் இவர்களை அறியும். சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் காமன் ஆடிய பேடாடல் ஒன்று. மணிமேகலையில் பேடிக் கோலத்து ஆடுவோரைக் காண நகரமாந்தர் கூடி நிற்கின்றனர். திருக்குறளோ பேடி கையில் உள்ள வாளைப் பயனின்மைக்கு இருமுறை உவமை ஆக்குகிறது. ஆகவே, பண்டைத் தமிழகம் இவர்களை முற்றும் மதித்தது என்று முழங்குவதும், முற்றும் இகழ்ந்தது என்று ஒதுக்குவதும் ஒருசேரப் பிழையாகும். இவர்கள் இருந்தனர், இலக்கணம் வகுத்தோர் கண்ணுக்குத் தெரிந்தனர், அவர்க்கென ஒரு விதி தேவைப்பட்டது. சான்று நமக்கு இவ்வளவைத் தருகிறது. இதுவே பெரிது.

2. விளக்கச்சீட்டில் எழுதப்படுவது

அரும்பொருளகத்தில் ஒரு பொருள் தானே பேசுவதில்லை. அதன் அருகில் உள்ள விளக்கச்சீட்டே பேசுகிறது. இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள வாரன் கிண்ணம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இந்த வெள்ளிக் கிண்ணத்தில் ஆண்கள் இணைந்திருக்கும் காட்சிகள் புடைப்பாக வடிக்கப்பட்டுள்ளன. 1953இல் அமெரிக்கச் சுங்கத்துறை இதனை நாட்டிற்குள் விட மறுத்தது. 1999இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 18 இலட்சம் பவுன் கொடுத்து இதனை வாங்கியது. கிண்ணம் மாறவில்லை, அதனைப் பார்க்கும் கண் மாறியது. 2013இல் அந்த அருங்காட்சியகத்தின் எகிப்தியல் அறிஞர் ஆர்.பி. பார்க்கின்சன், அங்குள்ள பொருள்களைக் கொண்டே தன்பாலீர்ப்பின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதினார். 2017இல் அதே பொருண்மையில் ஒரு கண்காட்சியும் நடைபெற்றது. ஒரு காட்சிக்கூடத்தில் புதிய பொருளை வைக்காமலே புதிய வரலாற்றைச் சொல்ல இயலும் என்பதை இம்முயற்சிகள் காட்டின.

பெர்லினில் நிகழ்ந்தது வேறு வகை. அங்கு மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் என்னும் மருத்துவர் 1919இல் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகம், 1933 மே மாதத்தில் நாசிகளால் சூறையாடப்பட்டுத் தெருவில் எரிக்கப்பட்டது. அரைநூற்றாண்டு கழிந்து, 1984இல் பெர்லின் அருங்காட்சியகத்தில் இவ்வரலாறு குறித்து நடந்த ஒரு கண்காட்சி தந்த ஊக்கத்தில், 1985இல் தனி அருங்காட்சியகமே தோன்றியது. மக்கள் தம் வீட்டுப் பெட்டிகளிலிருந்து எடுத்துக் கொடுத்த கடிதங்களும் படங்களும் அதன் சேகரிப்பாயின.

தமிழ்ப் பொருள்களைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். திருவெண்காட்டில் கிடைத்துச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள அர்த்தநாரீசுவரர் செப்புத்திருமேனி, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கலையின் உச்சங்களுள் ஒன்று. வலப்பாதி ஆணாக இரு கைகளோடும், இடப்பாதி பெண்ணாக ஒரு கையோடும் நிற்கிறது. இதனைச் சைவ மெய்ப்பொருளின் வடிவமாகவே படிக்க வேண்டும். சோழநாட்டுத் தெருவில் வாழ்ந்த பேடியரின் வரலாறாக இதனைக் கொள்வது சான்றுக்கு மிஞ்சிய கூற்று. ஆயினும் இன்று ஒரு திருநங்கை அச்சிலையின் முன் நின்று தம்மை அதில் காண்பாராயின், அக்காட்சியும் அச்சிலையின் வரலாற்றில் ஒரு பகுதியே. முன்னது படைத்தோர் கருத்து. பின்னது காண்போர் கருத்து. நல்ல விளக்கச்சீட்டு இரண்டையும் தனித்தனியே சொல்லும்.

3. சிராங்கூன் சாலையிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை வரை

ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன், தீமிதி நாளில், அடியார்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடந்து, சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலை அடைகின்றனர். நம் தேடலுக்கும் அவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட நிலமே போதுமானது.

தேக்காவில், ஹேம்ஷியர் சாலையில், பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. 'எருமைக் கொட்டில்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். நம்முள் பலர் பிறந்தது அங்கேதான். 1971 ஜூலை 30ஆம் நாள், சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவை மருத்துவம் அம்மருத்துவமனையில் நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். சண் இரத்தினம். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாயிருந்த அதே மருத்துவர் இவர். 1973இல், அறுவை மருத்துவம் பெற்றோர் அடையாள அட்டையில் தம் பாலினத்தை மாற்றிக்கொள்ள அரசு வழி செய்தது. 1996இல் மாதர் சாசனத் திருத்தம் அவர்தம் திருமணத்தைச் சட்டப்படி ஏற்றது. சிங்கப்பூர்த் தமிழரின் சாதனைகளைக் கூறும் நூல்கள் இரத்தினத்தைக் குழந்தைப்பேற்று மருத்துவராகப் போற்றுகின்றன. அவர் பணியின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்லும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.

தேக்காவிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் பூகிஸ் ஸ்திரீட். 1950களிலிருந்து 1985 வரை, இரவு முற்றிய பின் அலங்காரத்தோடு வந்த திருநங்கையரால் அத்தெரு உலகெங்கும் அறியப்பட்டது. மாலுமிகளும் சுற்றுப்பயணிகளும் எடுத்த படங்கள் ஏராளம். பெருவிரைவு ரயில் பணிகளுக்காகத் தெரு இடிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அருகே புதிய தெரு எழுந்தது. பழைய மக்கள் அங்குத் திரும்பவில்லை. அப்படங்களில் முகங்கள் உள, பெயர்கள் இல. படம் எடுத்தவரின் பெயர் தெரிகிறது. எடுக்கப்பட்டவர் 'பூகிஸ் ஸ்திரீட் அழகி' என்ற அளவில் நின்றுவிடுகிறார்.

நடையின் முடிவில் மாரியம்மன் கோயில். 1827இல் தோன்றிய இக்கோயிலில் திரௌபதிக்கும் அரவானுக்கும் சந்நிதிகள் உண்டு. பாரதப் போரின் வெற்றிக்காகத் தன்னையே பலியாக அளித்த அரவானைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை முழுநிலவின்போது திருநங்கையர் கணவனாகக் கொண்டு தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலி அறுத்து அழுவதும் யாவரும் அறிந்ததே. 'அரவாணி' என்னும் சொல் அப்பெயரிலிருந்து பிறந்தது. சிங்கப்பூரில் அரவான் வழிபாடு தீமிதி மரபைச் சார்ந்தது. கூவாகத்தின் சடங்கு வேறு. எனினும் இரண்டும் ஒரே பாரதக் கதைமரபின் கிளைகள் என்பதை மாணவர் அறிதல் நன்று.

4. சட்ட ஏடு

பால்புதுமையரைப் பற்றி மிகுதியாக எழுதியது சட்டமே. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1938இல் ஆடவர்க்கிடையிலான உறவைக் குறித்து 377ஏ பிரிவு சேர்ந்தது. 2007இல் 377 நீக்கப்பட்டது, 377ஏ தொடர்ந்தது. அதன்மீது எழுந்த வழக்குகளில் வரலாற்று ஆவணங்களே வாதப்பொருளாயின. 1938இல் அச்சட்டம் எந்நோக்கில் இயற்றப்பட்டது என்பதை நிறுவக் குடியேற்றக்கால அறிக்கைகள் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கப்பட்டன. 2020இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கைத் தள்ளுபடி செய்தபோதும், அப்பிரிவைச் செயற்படுத்த இயலாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. திருமணம் பற்றிய வரையறையைக் காக்கும் அரசமைப்புத் திருத்தத்தையும் உடன் நிறைவேற்றியது. நீக்கம் 2023 ஜனவரி 3ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஆவணக் காப்பகத்தில் உறங்கும் தாள் ஒருநாள் வாழ்வோரின் நிலையைத் தீர்மானிக்கும் வாதமாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

5. பொதுமேடையும் வாய்மொழியும்

எழுத்தில் இல்லாத வரலாறு பேச்சில் உண்டு. 2005 ஆகஸ்டில் 'இன்டிக்நேஷன்' என்னும் பெயரில் சொற்பொழிவுகளும் வாசிப்புகளும் கொண்ட நிகழ்ச்சி வரிசை இங்குத் தொடங்கியது. 2007இல் அவ்வரிசையில் கனடாவின் சட்டப் பேராசிரியர் டக்ளஸ் சாண்டர்ஸ் ஆற்றவிருந்த உரைக்கு அனுமதி கிட்டவில்லை. 2009 மே 16ஆம் நாள் ஹோங் லிம் பூங்காவில் முதல் 'பிங்க் டாட்' கூட்டம் நடந்தது. இத்தகைய மேடைகளில் ஒருவர் எழுந்து 'என் இளமையில்' என்று தொடங்கும் கணத்தில் ஆவணம் ஒன்று பிறக்கிறது. அதனைக் குறித்துக்கொள்வார் இருந்தால் அது நிலைக்கும். இல்லையேல் அவரோடு மறையும்.

1979 முதல் நம் நாட்டில் வாய்மொழி வரலாற்றுப் பணி நடந்து வருகிறது. துறைமுகத் தொழிலாளரும் நாடகக் கலைஞரும் தமிழிலேயே பேசிப் பதிவானமை அதன் சிறப்பு. 1970களில் இருபது வயதில் பூகிஸ் ஸ்திரீட்டில் நின்றவர் இன்று எழுபதை ஒட்டியவர், அல்லது கடந்தவர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் தம் கதையைத் தம் மொழியில் சொல்ல, கேட்பதற்குரிய காலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

6. பெயரிடும் பொறுப்பு

மொழியாசிரியர்க்கு உரிய பகுதி இதுவே. 'ஓரினச்சேர்க்கை' என்பது செய்தித்தாள்களில் நெடுங்காலம் வழங்கிய சொல். அது மனிதரை விட்டுச் செயலை மட்டும் சுட்டுகிறது. சிங்கப்பூரில் அதற்கு இன்னொரு குறையும் உண்டு. 'இன நல்லிணக்கம்' என நாள்தோறும் வழங்கும் இந்நாட்டில் 'இனம்' என்பது சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்னும் பிரிவையே குறிக்கும். ஆதலின் 'ஓரினம்' என்று கேட்கும் நம் மாணவர்க்கு முதலில் தோன்றும் பொருள் வேறாகிறது. 'தன்பாலீர்ப்பு' என்பது ஒருவரின் இயல்பைச் சுட்டுகிறது. பொருள் மயக்கமும் இல்லை.

'அலி' வசையாகித் தேய்ந்தது. 'அரவாணி'யைத் தமிழ்நாட்டரசு 2008இல் நல வாரியத்தின் பெயரிலேயே ஏற்றது. பின் 'திருநங்கை', 'திருநம்பி', 'திருநர்' என்பன நிலைபெற்றன. 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து, இப்பொருள் பற்றிய சொற்பட்டியலைத் தமிழ்நாட்டரசு தன் அரசிதழில் வெளியிட்டது. 377ஏ நீக்கப்படும் என்னும் அறிவிப்பு சிங்கப்பூரின் தேசிய தினப் பேரணி உரையில் வந்ததும் அதே திங்களில்தான்.

நம் பள்ளித் திடல்களிலோ மலாயின் 'பொண்டான்', ஹொக்கியனின் 'ஆ குவா' ஆகிய சொற்கள் மென்மையாய் நடக்கும் ஒரு சிறுவனை நோக்கி இன்றும் எறியப்படுகின்றன. எறியப்பட்ட சொல்லைக் கேட்டுப் பழகிய அச்சிறுவனே சில ஆண்டுகள் கழித்து உயர்வகுப்பில் நன்னூல் நூற்பாவின் முன் அமர்கிறான். ஆசிரியர் அதனை ஒரு நொடியில் கடந்து செல்லலாம். சிரிப்பெழ விட்டு மேற்செல்லலாம். அன்றி, இம்மொழி தன் தொன்மையான இலக்கண நூலிலேயே இத்தகையோரை எண்ணிப் பார்த்து உயர்திணையில் வைத்தது என்று நின்று விளக்கவும் செய்யலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தில், தன் மொழியில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று அம்மாணவன் அறிவான். சிரிக்க இருந்த மற்றவரும் அறிவர்.