பேசாதவரிடம் வினவியவர்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில், பிறந்தும் அழாத நம்மாழ்வார் புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் மௌனமாய் வீற்றிருந்தார் என்பது வைணவ மரபு. மதுரகவி வந்து வினவிய பின்னரே அவர் வாய் திறந்தாராம். இதனை மருத்துவக் குறிப்பாகக் கொள்வது தகாது. எனினும், பேசாதவரிடமும் வினவ ஒருவர் வந்தார் என்பது எண்ணத்தக்கது.

1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். பின்னர், தாயின் பாசக்குறைவே காரணமென்னும் பழி பரவிற்று. அத்தகைய மகனைப் பெற்ற தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964இல் நூலெழுதி அதனை மறுத்தார். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும் அதனைச் சேர்த்துக்கொண்டது.

ஆகவே, நம் இல்லத்துப் பிள்ளை பேசத் தாமதித்தால், கண்ணேறென்றும் தாயின் குற்றமென்றும் கூறிக் காலம் கடத்தலாகாது. மருத்துவரிடம் காட்டுவோம், பிள்ளையின் அருகமர்ந்து, அதன் மொழியில் வினவுவோம்.